மலையடிவாரத்துல மைன்ஸ் ஊருக்குக் குடி போலாமுன்னு இருக்கோம், அங்க இருக்கறவங்க கொஞ்சம் சொல்லுங்க (சேலம், கருப்பூர் சைடு)

நொய்யல்கரையான்:

எல்லாத்துக்கும் வணக்கமுங்க. நான் திருப்பூருங்க, பனியன் கம்பெனியில மெர்ச்சண்டைசிங் வேலை. வீட்டுல அவங்களுக்கு கருப்பூர் பக்கம் காலேஜ்ல வேலை கெடச்சு சேந்துட்டாங்க, இப்ப அங்க ஒரு ரூம்ல தங்கிட்டு வாரக்கடைசிக்கு வந்து போயிட்டு இருக்காங்க, சின்னப் புள்ளைய வெச்சுக்கிட்டு இது நெம்ப நாளைக்கு ஓடாதுங்க. எனக்கு பாதி வேலை லேப்டாப்லயே நடந்துரும், நடுவுல நடுவுல திருப்பூர் வந்தா போதும். அதனால குடும்பத்தோட அந்தப் பக்கமே வந்தர்லாமுன்னு பேசிட்டு இருக்கோம்.

டவுனுக்குள்ள போக இஷ்டமில்லைங்க. எங்கய்யன் காட்டுலயே கெடந்து பழகுன மனுசன், ரெண்டு மாடாவது கட்டோணும், நாலு தென்ன வெக்கோணும்னு சொல்றாரு. புரோக்கர் ஒருத்தரு செட்டிச்சாவடி தாண்டி கரட்டோரமா ஒரு எடம் காட்டுனாரு. 12 சென்ட், பக்கத்துல ஒரு பழைய ஓட்டு வீடு, பின்னாடி நிமுந்து பாத்தா சேர்வராயன் மலை முழுசா தெரியுது, மழை பேஞ்ச மறுநாள் போனதால பச்சைப்பசேல்னு இருந்துச்சு, எங்கய்யன் அங்கயே உக்காந்துட்டாரு. வெலையும் அக்கம்பக்கத்த விட நல்லாவே கொறச்சல்.

ஏன் கொறச்சல்னு கேட்டா புரோக்கர் மழுப்புறாரு. எனக்குத் தெரிஞ்சது, அந்த எடத்துக்கு மேக்கால வெள்ளை வெளேர்னு பெரிய பெரிய மேடு இருக்குது, வெள்ளைக்கல் (மேக்னசைட்) மைன்ஸ் கழிவுன்னாங்க. கொஞ்ச தூரத்துல பெரிய குழியில தண்ணி நிக்குது. லாரி போற தடம் இருக்குது. ஊருக்குள்ள டீக்கடையில விசாரிச்சா ஒருத்தரு "நல்ல ஊருங்க வாங்க"ங்கறாரு, இன்னொருத்தரு "இங்க வந்து என்ன பண்ணப்போறீங்க"ங்கறாரு.

தூசி எப்படிங்க? வெடி வெக்கறது வீட்டுக்குக் கேக்குமா, சொவரு வெடிக்குமா? போர் போட்டா தண்ணி எப்படி? வெளியூர்க்காரங்களச் சேத்துக்குவாங்களா? எங்கம்மாவுக்கு வீசிங் இருக்குது, புள்ளைங்க ரெண்டு பேரு, சின்னவனுக்கு நாலு வயசு. அங்கயே இருக்கறவங்க மனசுல பட்டத அப்படியே சொல்லுங்க.

—

கரட்டுவீட்டுக்காரி:

அண்ணா, நான் அந்தப் பக்கமே பொறந்து அந்தப் பக்கமே வாக்கப்பட்டவ. எங்கம்மா வெள்ளைக்கல் ஒடைச்ச கையி. அதனால எனக்குத் தெரிஞ்சத சொல்றேன்.

மொதல்ல ஊரு எப்படி உண்டாச்சுன்னு தெரிஞ்சாதான் மத்தது புரியும். அந்த வெள்ளைக்கல்லு தனியா மலையா இருக்காது, பழுப்பும் பச்சையுமா இருக்கற பாறைக்குள்ள கோடு கோடா ஓடும். பாறைய வெட்டிப் போட்டப்பறம் வெள்ளைய மட்டும் பிரிக்கணும், மிசினு பிரிக்காது, பொம்பளைங்க சின்ன சுத்திய வெச்சுக்கிட்டு உக்காந்து ஒட்டிட்டு இருக்கற பாறைய தட்டித் தட்டி எடுப்பாங்க. நல்ல கல்லு பூக்கோசு மாதிரி முடிச்சு முடிச்சா இருக்கும். எங்கம்மா எந்தக் கல்லு தேறும் தேறாதுன்னு கையில எடுத்த ஒடனே சொல்லிரும், தட்டுறப்ப வர்ற சத்தத்த வெச்சே சொல்லும். மேல ஓலப்பந்தல், தலையில துண்டு, கண்ணுக்கு ஒண்ணும் கெடையாது, சில்லு தெறிச்சு கண்ணுல பட்டவங்க எங்க தெருவுலயே இருக்காங்க. சாயங்காலம் வீட்டுக்கு வர்றப்ப புருவமெல்லாம் வெள்ளையா இருக்கும், நாங்க கொழந்தைங்க ஓடிப்போய் மடியில ஏறுனா எங்க சட்டையும் வெள்ளையாயிரும். அந்தக் கூலியிலதான் எங்க மூணு பேரையும் படிக்க வெச்சுது. மைன்ஸ கெட்டதுன்னு ஒரே வார்த்தையில நான் சொல்ல மாட்டேன், ஊருக்குச் சோறு போட்டது அதுதான்.

இப்ப அந்த வேலை முன்ன மாதிரி இல்ல. சைனாவுல இருந்து வெல கொறச்சு கல்லு வர ஆரம்பிச்சப்பறம் இங்கத்த கல்லுக்கு மவுசு போச்சு, நடுவுல சுற்றுச்சூழல் அனுமதி பிரச்சனைன்னு வெட்டுறதே நின்னு போயி ஊரே கையக் கட்டிட்டு உக்காந்திருந்துச்சு. அப்ப எங்க தெரு ஆளுங்க பாதிப்பேரு வெள்ளிக்கொலுசு வேலைக்குப் போயிட்டாங்க, சேலத்து மேக்குப் பக்கம் வீட்டுக்கு வீடு கொலுசுப் பட்டறைதான், கண்ணி கோக்கறது, பொடி வெச்சுப் பத்த வெக்கறதுன்னு வீட்டுலயே உக்காந்து செய்யலாம். இன்னும் கொஞ்சப் பேரு கட்டட வேலை, கொஞ்சப் பேரு பெங்களூரு. காலேஜும் யுனிவர்சிட்டியும் வந்தப்பறம் ரூம் வாடகை, மெஸ், ஜெராக்ஸ் கடைன்னு வேற ஒரு பொழப்பு ஓடுது. பெரியார் பல்கலைக்கழகம் 1997-ல வந்துச்சு, அதுக்கு முன்னாடி அந்த ரோட்டுல பொழுது எறங்குனா ஆள் நடமாட்டமே இருக்காது.

தூசிக்கு வர்றேன். வருசம் பூரா தூசின்னு நெனச்சுக்காதீங்க. காத்து எந்தப் பக்கமிருந்து அடிக்குதுன்னு பாக்கணும். உங்க எடத்துக்கு மேக்கால மேடு இருக்குன்னா ஆனி ஆடியில மேகாத்து அடிக்கறப்ப அத்தனையும் உங்க வாசலுக்குத்தான் வரும். அந்த ரெண்டு மாசம் நாங்க துணிய வெளிய காயப் போட மாட்டோம், சோத்துப்பானைய தெறந்து வெக்க மாட்டோம். மழ புடிச்சா அடங்கிரும். தை மாசி மாசத்துல காத்து கெழக்க இருந்து, அப்ப மேட்டுக்கு அந்தாண்ட இருக்கறவங்களுக்குத்தான் பாடு. இது போக லாரித் தடத்துல மண்ணு ரோடா இருந்தா அது தினமும். தண்ணி லாரி வந்து தெளிக்கணும், தெளிப்பாங்க, ரெண்டு நாளைக்கு ஒருக்கா தெளிச்சா எப்படி அடங்கும்? செட்டிச்சாவடியில குப்பைக் கெடங்கும் இருக்கு, அது தீப்புடிச்சா பொகை எந்தப் பக்கம் வருதுன்னும் கேட்டுக்கங்க. உங்கம்மாவுக்கு வீசிங் இருக்குன்னு சொல்றீங்க, மேட்டுக்கு நேர் கெழக்கால வீடு எடுக்கறத நான் ஒத்துக்க மாட்டேன் அண்ணா. அதே ஊர்ல மலைப்பக்கமா இன்னும் கொஞ்சம் உள்ள போனா காத்து நல்லாருக்கு, வெலையும் அவ்வளவு வித்தியாசம் இருக்காது.

ஆளுங்க நல்லவங்க. வெளியூர்க்காரங்கன்னு ஒதுக்க மாட்டாங்க, மைன்ஸ் காலத்துலயே நாலா பக்கமிருந்தும் வந்து குடியேறுன ஊருதான். ஆனா நோம்பிக்கு வரி குடுத்துருங்க, மாரியம்மனுக்குக் கூழு ஊத்துறப்ப வீட்டு ஆளு ஒருத்தராவது போய் நில்லுங்க, சாவுக்குப் போங்க. அவ்வளவுதான் கேப்பாங்க.

—

பட்டா படி:

நண்பரே, நான் பத்திர ஆபீஸ் பக்கம் வேலை பாக்கறவன், மேல தங்கச்சி சொன்னது எல்லாம் சரி, நான் பேப்பர் சைடு மட்டும் சொல்லிர்றேன். வெல கொறச்சலா இருக்கறதுக்குத் தூசி மட்டும் காரணமா இருக்காது.

புரோக்கர் குடுக்கற ஜெராக்ஸ நம்பாதீங்க. சர்வே நம்பர், உட்பிரிவு நம்பர வாங்கிட்டு நீங்களே ஆன்லைன்ல பட்டா, சிட்டா, அ-பதிவேடு மூணையும் எடுங்க. இதுல அ-பதிவேடுதான் முக்கியம், நெலத்தோட சாதகம் அதுலதான் இருக்கு. கரட்டோரத்துல புறம்போக்கு நெறைய, கல்லாங்குத்து, கரடு, அனாதீனம்னு போட்டிருந்தா ஒதுங்கிருங்க, அதுல வீடு கட்டி வரி ரசீதும் கரண்டு பில்லும் வெச்சுக்கிட்டு "பட்டா வந்துரும்"னு சொல்லி விப்பாங்க. அப்பறம் பஞ்சமி நெலமா, அதாவது டிசி நெலமான்னு பாருங்க. வெள்ளைக்காரன் காலத்துல 1892 வாக்குல ஒடுக்கப்பட்ட மக்களுக்குன்னு குடுத்த நெலம் அது, மத்தவங்க வாங்குனா செல்லாது, பத்திரம் பதிஞ்சிருந்தாலும் செல்லாது. சட்டத்த விடுங்க, அந்தச் சனங்களுக்குன்னு இருந்த ஒரு துண்டு நெலத்தையும் நாம போய் வாங்கறது ஞாயமும் கெடையாது.

வில்லங்கம் 30 வருசத்துக்குப் போடுங்க. மனைப்பிரிவா இருந்தா டிடிசிபி (நகர் ஊரமைப்புத் துறை) அங்கீகாரம் கேளுங்க, 2016-ல இருந்து அங்கீகாரம் இல்லாத புது மனைய பதிய மாட்டாங்க. மலைப்பக்கம் உள்ள போகப்போக காப்புக்காட்டு எல்லை எங்க வருதுன்னும் பாக்கணும். ஏற்காடு தாலுக்கா கணக்குல வர்ற கிராமமா இருந்தா ஹாக்கா, அதாவது மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழும அனுமதி இல்லாம ஒண்ணும் பண்ண முடியாது, அடிவாரத்துல ஒரு வாய்க்காலுக்கு இந்தாண்ட ஒரு தாலுக்கா அந்தாண்ட ஒரு தாலுக்கான்னு இருக்கும்.

இதெல்லாம் எங்க வாங்குனாலும் பாக்கறதுதான். மைன்ஸ் ஊருக்குன்னு தனியா பாக்க வேண்டியது ரெண்டு. ஒண்ணு, கலெக்டர் ஆபீஸ்ல கனிமவளத் துறை இருக்கு, அங்க போய் இந்தச் சர்வே நம்பர் ஏதாவது குத்தகையில இருக்கா, பக்கத்து நம்பர் இருக்கா, குத்தகை எந்த வருசம் வரைக்கும்னு எழுதியே கேளுங்க, வாயால சொல்லலைன்னா தகவல் உரிமைச் சட்டத்துல மனு போடுங்க. இன்னிக்கு வேலை நடக்காத குழியெல்லாம் மூடுன மைன்ஸ் கெடையாது, குத்தகை உசுரோட இருந்தா நாளைக்கே ஜேசிபி வந்து நிக்கும். ரெண்டாவது, அந்த 12 சென்ட் பூர்வீக மண்ணா, இல்ல கழிவுக்கல்லக் கொட்டி மேவுன எடமா? மேவுன எடத்துல அஸ்திவாரம் எறங்கும், அதுல சொவரு வெடிச்சா வெடியால வெடிச்சுதுன்னு காலம் பூரா சொல்லிட்டு இருப்பீங்க. எல்லைக்குள்ள ரெண்டு மூணு எடத்துல ஆளொசரத்துக்குக் குழி எடுத்துப் பாருங்க, செம்மண்ணோ மொரம்போ தொடர்ச்சியா வந்தா சரி, ஒடைஞ்ச கல்லும் வெள்ளைப் பொடியும் கலந்து வந்தா வேற எடம் பாருங்க.

—

அடிவாரம்77:

எல்லாரும் வாங்க வாங்கன்னு சொல்றீங்க, நான் வராதீங்கன்னு சொல்றேன். நானும் அதே மண்ணுதான், இப்ப டவுன்ல இருக்கேன். கரட்டோரத்துல ஆஸ்பத்திரின்னா ராத்திரியில வண்டி புடிச்சு டவுனுக்குத்தான் வரணும், பஸ்சு காலையில கூட்டமா வரும் மத்தியானத்துல காணவே காணாது, பத்தாவதுக்கு மேல நல்லா படிக்க வெக்கணும்னா டவுன்தான். மைன்ஸால ஊருக்கு வந்த காசு ஊருக்குத் திரும்புச்சா? 2015-ல சட்டம் திருத்தி மாவட்ட கனிம அறக்கட்டளைன்னு வெச்சாங்க, குத்தகைக்காரங்க அரசுக்குக் கட்டுற உரிமத்தொகைக்கு (ராயல்டி) மேல பழைய குத்தகைன்னா அதுல 30 சதவீதம், புதுசுன்னா 10 சதவீதம் அந்த நிதிக்குத் தரணும், அது பாதிக்கப்பட்ட ஊருக்குக் குடிதண்ணி, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம்னு செலவாகணும். கிராமசபைக்குப் போய் நம்ம ஊருக்கு என்ன வந்துச்சுன்னு கேட்டா பக்கத்துல இருக்கறவங்களே ஏன் தம்பி பிரச்சனைங்கறாங்க. எனக்கு அந்த ஊரு மேல கோவம் இல்ல, பாசம் இருக்கறதாலதான் சொல்றேன், அங்க இருக்கறவங்க வாய் தெறக்கணும். நீங்க வந்தாலும் அமைதியா வேடிக்கை பாக்காம கேள்வி கேக்கற ஆளா வாங்க.

—

நொய்யல்கரையான்:

நெம்ப நன்றிங்க எல்லாத்துக்கும், இவ்வளவு வெவரமா எழுதுவீங்கன்னு எதிர்பாக்கல. அ-பதிவேடு எடுத்துப் பாத்தனுங்க, ரயத்துவாரி புஞ்சைன்னுதான் (தனியார் பட்டா நெலம்) இருக்குது, கனிமவளத் துறைக்கு மனு எழுதிட்டு இருக்கேன். அடிவாரம் அண்ணா சொன்ன கிராமசபை விசயம் மனசுல பதிஞ்சுதுங்க. இன்னும் ரெண்டு கேள்வி இருக்குது: அந்தத் தண்ணி நிக்கற குழி எவ்வளவு ஆழம் இருக்கும், சின்னவன் துறுதுறுன்னு இருப்பான், அதான் பயம். அப்பறம் போர் தண்ணி பத்தி யாருமே சொல்லலீங்க, எங்கய்யனுக்கு மாடும் தென்னையும் வேணும்.

—

பழைய மைன்ஸ் மேஸ்திரி:

தம்பி, நான் அங்க வேலை பாத்து ரிட்டையர் ஆனவன். எம் பேரன் போன்ல இதப் படிச்சுக் காட்டுனான், நான் சொல்லச் சொல்ல அவன் எழுதறான்.

குழிய பத்திக் கேட்டீங்களே, அதத்தான் மொதல்ல சொல்லணும். மைன்ஸ் குழி கெணறு மாதிரி இல்ல, கெணத்துக்குச் செவுரு இருக்கும் படி இருக்கும். குழிய பெஞ்சு பெஞ்சா, அதாவது மாடிப்படி கணக்கா வெட்டிட்டுப் போவோம், ஒவ்வொரு படியும் ரெண்டு மூணு ஆளொசரம். தண்ணி நெறஞ்சா படி மறஞ்சுரும். மேல இருந்து பாத்தா மொழங்கால் ஆழம்தான் தெரியும், அடுத்த அடி எடுத்து வெச்சா கால் எட்டாது. தண்ணி பாக்க பச்சையும் நீலமுமா கண்ண இழுக்கும். வெளியூர்ப் பசங்க, காலேஜ் பசங்க குளிக்க எறங்கி உசுர விட்டது நடந்திருக்கு. கரையில இருக்கற கல்லும் சரியும், ஏறி வரப் புடிமானம் கெடைக்காது. வேலி போட்டிருக்கான்னு பாருங்க, போடலைன்னா பஞ்சாயத்துல எழுதிக் குடுத்துப் போடச் சொல்லுங்க, போட வேண்டியது குத்தகைக்காரங்க கடமை. புள்ளைக்கு நீச்சல் கத்துக்குடுங்க, ஆனா அந்தக் குழியில வேண்டாம்.

வெடி விசயம். வேட்டு வெக்கறதுக்கு நேரம் இருக்கு, ஊருக்கே தெரியும். சங்கு ஊதுவாங்க, செவப்புக்கொடி புடிச்ச ஆளு தடத்த மறிச்சு நிப்பான், ஆடு மாடு மேய்க்கறவங்கள வெரட்டி விடுவான், அப்பறம்தான் போடுவாங்க. நான் சேந்த காலத்துல கையால தமரு போட்டுத் துளை எடுத்தவங்க இருந்தாங்க, அப்பறம் கம்ப்ரசர் வந்துச்சு. தூரத்துல இருந்தா "தும்"முனு ஒரு சத்தம், சன்னல் கண்ணாடி லேசா அதிரும், அவ்வளவுதான். கிட்டக்க இருந்தா நெலமே ஒரு ஒதறு ஒதறும். வீடு வாங்குனா குடி போறதுக்கு முன்னாடியே ஒவ்வொரு சொவத்தையும் தேதி விழறாப்ல போட்டோ எடுத்து வெச்சுக்கங்க, பின்னாடி விரிசல் வந்தா பேச ஆதாரம் வேணுமில்ல.

இந்த எடத்தோட பெருமையும் கொஞ்சம் தெரிஞ்சுக்கங்க. வெள்ளைக்காரங்க ரொம்ப காலத்துக்கு முன்னாடியே இத சுண்ணாம்புக்கல் மலைன்னு நெனச்சு சாக் ஹில்ஸ்னு பேரு வெச்சுட்டாங்க, சுண்ணாம்பு கெடையாது, மேக்னசைட். சேலம் ஜங்ஷன் தாண்டி ரயில்ல போனா மேக்னசைட் ஜங்ஷன்னே ஒரு ஸ்டேசன் இருக்கு, டவுன்ல டால்மியா போர்டுன்னு ஒரு பஸ் ஸ்டாப்பு இருக்கு, எல்லாம் இந்தக் கல்லால வந்த பேருதான். 1979-ல தமிழ்நாடு அரசே தனியா மேக்னசைட் கம்பெனி ஆரம்பிச்சுச்சு. கல்ல சூளையில போட்டுச் சுட்டா சரி பாதி காத்தா போயிரும், சுத்தமான கல்லு நூறு கிலோ போட்டா நாப்பத்தெட்டு கிலோ கிட்டதான் மிஞ்சும், மீதி கரியமில வாயு. இரும்பு உருக்கற ஒலைக்கு உள்பக்கம் அடுக்கற செங்கல்லுக்கு இதுதான் மூலம், அந்தச் சூட்ட எல்லாக் கல்லும் தாங்காது. நாட்டுல இருக்கற பெரிய பெரிய உருக்காலைக்கெல்லாம் எங்க ஊரு கல்லு போயிருக்கு. அந்தச் சூளை வாசல்ல நின்னவங்களுக்குத் தெரியும் அந்தச் சூடு என்னன்னு, ஷிப்ட் முடிஞ்சு வர்றப்ப வெயில்ல நடந்தாலே நெழல்ல நடக்கறாப்ல இருக்கும்.

தெக்கால பாத்தா கஞ்சமலை தெரியும், அதுல இரும்புக்கல்லு. பரங்கிப்பேட்டையில ஹீத்துன்னு ஒரு தொரை 1830 வாக்குல இரும்பாலை வெச்சு சேலத்து இரும்ப வெச்சுத்தான் ஓட்டுனாரு. கஞ்சமலைக்குக் கீழ இப்ப இருக்கற ஸ்டீல் பிளாண்ட்டுக்கு அந்த மலைக்கல்லு போகும்னு ஊர்ப்பக்கம் பேசிட்டு இருந்தோம், கடைசியில வெளிய இருந்து வர்ற தகட்டத்தான் உருட்டி 1981-ல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் எடுத்தாங்க. கஞ்சமலை இன்னிக்கும் அப்படியே நிக்குது, அமாவாசைக்கு சனம் சித்தர் கோயிலுக்குப் போகுது. வெட்டாததும் நல்லதுதான்னு எனக்கு இப்ப தோணுது.

—

சோளத்தட்டு:

தண்ணி, மண்ணு ரெண்டுக்கும் நான் சொல்றேன், அந்தப் பக்கம் தோட்டம் இருக்கு, விவசாயம்தான்.

போர் தண்ணி வரும், ஆனா உப்புத்தண்ணிதான், சரியாச் சொன்னா கடினத்தண்ணி. பாறை முழுக்க மெக்னீசியம் இருக்கறதால அது தண்ணியில எறங்குது. சோப்பு நொரைக்காது, பருப்பு வேக ரெண்டு மடங்கு நேரம் ஆகும், பாத்திரத்து அடியில வெள்ளையா அட கட்டும், அந்தத் தண்ணியில டீ போட்டா மேல ஒரு ஏடு மெதக்கும். நாங்க குடிக்கறதுக்கும் சமைக்கறதுக்கும் மேட்டூர்ல இருந்து குழாயில வர்ற காவேரித் தண்ணிதான், அது தெனமும் வராது, அதனால தொட்டி பெருசா கட்டணும். வீடு பாக்கப் போனா காவேரித் தண்ணி கனெக்சன் இருக்கா, எத்தன நாளைக்கு ஒருக்கா விடறாங்கன்னு பக்கத்து வீட்டு அக்காகிட்ட கேளுங்க, புரோக்கர்கிட்ட கேக்காதீங்க.

போர் தண்ணிய குடிநீர் வாரிய லேப்ல குடுத்து டெஸ்ட் பண்ணுங்க. மொத்த கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரைக்கும் நல்லது, வேற தண்ணி இல்லைன்னா 600 வரைக்கும் ஏத்துக்கலாம்னு ஐஎஸ் 10500-ல, அதாவது குடிதண்ணிக்கான இந்தியத் தர அளவுல இருக்கு. மெக்னீசியம் 30, கட்டாயத்துக்கு 100. இன்னொண்ணும் கேட்டு டெஸ்ட் பண்ணுங்க, குரோமியம். இந்தப் பாறை வகையில குரோமைட்டும் சேந்தே இருக்கும், தண்ணியில லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல இருக்கக்கூடாது. சாதா டெஸ்ட்ல இத பாக்க மாட்டாங்க, தனியா சொல்லணும்.

மாடு அந்தத் தண்ணிய குடிக்கும், பழகிரும். தென்னைதான் கஷ்டம். மெக்னீசியம் அதிகம், சுண்ணாம்புச் சத்து கம்மிங்கற மண்ணுல எந்த மரமும் சுணங்கித்தான் நிக்கும். ஜிப்சம் போட்டு, தொழு உரம் நெறைய குடுத்து, குழிய பெருசா எடுத்து வெளி மண்ணு நெரப்பி வெச்சா வரும், நான் வெச்சிருக்கேன், காய்க்குது, ஆனா சமவெளித் தென்னை மாதிரி எதிர்பாக்காதீங்க. பாறை மேல இல்லாத செம்மண் துண்டு கெடச்சா குச்சிக்கெழங்கு, நெலக்கடலை, சோளம் எல்லாம் நல்லா வரும். மண்ணுப் பரிசோதனை பண்ணாம வாங்காதீங்க, ஐயன் ஏமாந்துருவாரு. அப்பறம் கடலை போட்டா காட்டுப்பன்னியும் மயிலும் வரும், கோடையில மலையில தண்ணி வத்துனா காட்டெருமை கூட எறங்கும். அது மேல கல்லு எறியக்கூடாது, நாய விடக்கூடாது, அது பாட்டுக்கு வந்த வழியே போயிரும். பங்குனி சித்திரையில மலையில தீப்புடிக்கும், வேலியோரம் சருகு சேர விடாதீங்க.

—

கரட்டுவீட்டுக்காரி:

சோளத்தட்டு அண்ணன் சொன்ன பருப்பு விசயம் நூத்துக்கு நூறு. எங்க வீட்டுல பருப்புக்கு மட்டும் காவேரித் தண்ணி தனியா ஒரு கொடத்துல மூடி வெச்சிருப்போம், யாரும் தொடக்கூடாது.

அண்ணா, நான் ஒண்ணு சொல்றேன், ஒடனே வாங்காதீங்க. எங்க ஊர்ல மலைப்பக்கமா வாடகைக்கு வீடு கெடைக்குது, மாடு கட்ட எடம் இருக்கற வீடாவே கெடைக்கும். ஒரு ஆனி ஆடி, ஒரு தை மாசி, ஒரு சித்திரை இருந்து பாருங்க. உங்கம்மாவுக்கு மூச்சு எப்படி இருக்குன்னு அதுல தெரிஞ்சுரும், உங்கய்யனுக்கு மண்ணு பிடிபட்டுரும். அடிவாரம் அண்ணன் சொன்னதையும் தள்ள முடியல, நானும் கிராமசபைக்குப் போறவதான், பொம்பளைங்க நாலஞ்சு பேரு சேந்து போய்த்தான் எங்க தெருவுக்குத் தொட்டி கேட்டு வாங்குனோம். ஆளு சேந்தா நடக்குது.

—

நொய்யல்கரையான்:

வாடகைக்கு வந்து பாக்கறதுதான் சரின்னு படுதுங்க அக்கா, வீட்டுலயும் அதையேதான் சொல்றாங்க. எல்லாரோட பதிலையும் எங்கய்யனுக்குப் படிச்சுக் காட்டுனேன், ஜிப்சம்னதும் அத எங்க வாங்கறதுன்னு கேக்க ஆரம்பிச்சுட்டாரு. வர்ற ஞாயித்துக்கிழமை அவரக் கூட்டிட்டு வாரேனுங்க.

—

கரட்டுவீட்டுக்காரி:

ஞாயித்துக்கிழமை வேண்டாம் அண்ணா. அன்னிக்கு லாரி ஓடாது, வேட்டு இருக்காது, ஊரே அமைதியா இருக்கும், எல்லாருக்கும் புடிச்சுப் போயிரும். லீவு போட்டுட்டு வேலை நாள்ல வாங்க, காலையில வந்து பொழுது எறங்கற வரைக்கும் இருங்க. மத்தியானம் சங்கு ஊதறப்ப அந்த ஓட்டு வீட்டுக்குள்ளயே நின்னு பாருங்க. போர் தண்ணி புடிக்க ஒரு ரெண்டு லிட்டர் பாட்டில் கழுவி எடுத்துட்டு வாங்க, லேப்ல அவ்வளவு கேப்பாங்க. சாப்பாடு எங்க வீட்டுலதான்.